வளைவுக்கு எது கைகொடுக்கும்? லாங்ஆர்மில் ரூலர், பள்ளப் பலகை, கணினி, வெறுங்கை

லாங்ஆர்ம் என்பது குயில்ட் (அடுக்குத் துணிப் போர்வை) தைக்கும் நீளக்கை மெஷின். அதில் நேர்கோட்டை யாரும் சமாளித்துவிடலாம். சேனல் லாக் என்ற பூட்டைப் போட்டுவிட்டால் மெஷின் கிடைமட்டமாகவோ செங்குத்தாகவோ மட்டும்தான் ஓடும். வளைவுக்கு அப்படி ஒரு பூட்டு கிடையாது. மேல்துணி, பேட்டிங் (நடுவில் வைக்கும் பஞ்சு அடுக்கு), அடித்துணி மூன்றும் சட்டத்தின் உருளைகளில் இறுகக் கட்டியிருக்க, தண்டவாளத்தில் ஓடும் கனமான மெஷினைக் கைப்பிடியால் தள்ளித்தான் வளைவை உண்டாக்க வேண்டும். அந்தக் கனம் நேராகவே போகப் பார்க்கும். அதைத் திருப்பும் இடத்தில்தான் கோடு நடுங்குகிறது.

இதற்கு அமெரிக்கக் குயில்ட்டர்கள் கையாளும் வழிகள் நான்கு: வெறுங்கை, அக்ரிலிக் ரூலர், பள்ளம் வெட்டிய பலகை, மெஷினைத் தானே நகர்த்தும் கணினி. என் ஓட்டு பெரும்பாலும் ரூலருக்கு. ஆனால் எல்லா வளைவுக்கும் அது பொருந்தாது. எங்கே தோற்கிறது என்று தெரிந்து வாங்கினால்தான் பணம் வீணாகாது.

முதலில் ரூலரின் கணக்கு. லாங்ஆர்ம் ரூலர் கால் அங்குலக் கனம் உள்ள அக்ரிலிக். மெஷினின் ஹாப்பிங் ஃபுட் (ஊசியைச் சுற்றித் துள்ளும் வட்டப் பாதம்) அதன் விளிம்பை உரசிக்கொண்டே போகும். ஃபுட்டின் வெளிவட்டம் பொதுவாக அரை அங்குலம். ஊசி அதன் நடுவில். ஆகவே தையல் எப்போதும் விளிம்பிலிருந்து கால் அங்குலம் தள்ளியே விழும். நேர்கோட்டில் இது பெரிய விஷயமல்ல, ரூலரைச் சற்று நகர்த்தி வைத்தால் போதும். வளைவிலோ அளவே மாறிவிடுகிறது. 8 அங்குல வட்டத்தட்டைச் சுற்றித் தைத்தால் கிடைப்பது எட்டரை அங்குல வட்டம். அதே 8 அங்குலத் துளைக்குள் தைத்தால் ஏழரை. வாங்கும் முன் பொட்டலத்தில் எழுதியிருப்பது அக்ரிலிக்கின் அளவா, தையலின் அளவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தையல் மெஷினுக்கென்று விற்கும் மெல்லிய ரூலரை லாங்ஆர்மில் வைக்கவே கூடாது. அது ஃபுட்டுக்கு அடியில் நுழைந்துவிட்டால் ஊசி அக்ரிலிக்கில் இறங்கி உடையும். சில நேரம் ஊசியும் அடிக்கொக்கியும் ஒத்து ஓடும் டைமிங்கும் கலைந்துவிடும்.

ஆரஞ்சுச் சுளை: ரூலரின் சொந்த ஊர்

சதுரங்களாக ஒட்டுப்போட்ட குயில்ட்டில், மூலையிலிருந்து மூலைக்கு வளைவு போட்டுக்கொண்டே போனால் சுளை சுளையாக இதழ்கள் விரியும். நூலை அறுக்காமல் ஒரு வரிசை முழுக்கத் தைத்துக்கொண்டு போகலாம். ரூலர் வேலை பழக இதைவிட நல்ல வடிவம் இல்லை.

4 அங்குலச் சதுரத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு மூலைகளையும் தொடும் முழுவட்டத்தின் ஆரம் சுமார் 2.8 அங்குலம்; அதன் கால்பங்குதான் ஒரு வளைவு. நடுவில் அதன் எழுச்சி ஏறக்குறைய 0.8 அங்குலம். ரூலரின் புடைத்த பக்கத்தில் தைப்பதானால் அந்த விளிம்பின் ஆரம் 2.6 அங்குலத்தை ஒட்டி இருக்க வேண்டும், மிச்சம் கால் அங்குலத்தை ஃபுட் கொடுத்துவிடும். இவ்வளவு கொழுத்த சுளை வேண்டாம் என்றால் ஆழம் குறைந்த வளைவு போதும். என் கண்ணுக்கு, சதுரத்தின் எட்டில் ஒரு பங்கு எழுச்சிதான் அழகு. சுளை ஒல்லியாக இருந்தால் அடியிலுள்ள ஒட்டுத்துணியின் வண்ணமும் தெரியும்.

இந்த வேலையில் கணினியை ரூலர் வெல்வதற்குக் காரணம் உண்டு. கையால் ஒட்டுப்போட்ட சதுரம் எதுவும் துல்லியமான சதுரமாக இருப்பதில்லை. ஒன்று 4 அங்குலம் என்றால் பக்கத்தில் இருப்பது ஒரு நூலிழை குறைந்திருக்கும், இன்னொன்று சாய்ந்திருக்கும். ரூலரை ஒவ்வொரு மூலைக்கும் தனித்தனியாக வைப்பதால் அந்தப் பிசகு வளைவுக்குள் கரைந்துவிடும், முனை மூலையில் சரியாகப் போய் அமரும். கணினியிலும் ஒவ்வொரு கட்டத்தின் மூலைகளையும் குறித்துக்கொடுத்து வடிவத்தை இழுத்துப் பொருத்தலாம்தான். நூறு கட்டங்களுக்கு அதைச் செய்யும் நேரத்தில் ரூலரோடு பாதிக் குயில்ட்டை முடித்துவிடலாம். 1930களில் அமெரிக்க வீடுகளில் பரவிய 'டபுள் வெடிங் ரிங்' போன்ற வளைய ஒட்டுகளுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். வளைந்த விளிம்புகள் நெய்தல் திசைக்குச் சாய்வாக வெட்டப்பட்டவை. இழுத்தால் நீளும், ஒரு வளையம் போல இன்னொன்று அமையாது.

பாப்டிஸ்ட் ஃபேன்: ரூலர் சறுக்கும் இடம்

ஒரே மையத்திலிருந்து விசிறியாக அடுக்கடுக்கே விரியும் வளைவுகள் இவை. கையால் குயில்ட் தைத்த காலத்தில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, சாக்பீஸ் பிடித்த கையை வீசி வரைந்தது என்பார்கள். எல்லா வளைவுக்கும் மையம் ஒன்று, ஆரம் மட்டும் வேறு வேறு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வளைவு ரூலரை அரை அங்குலம் அரை அங்குலமாக நகர்த்தி விசிறி போட்டுவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. நகர்த்தும்போது மையமும் சேர்ந்து நகர்கிறது. நடுவில் இடைவெளி அரை அங்குலமாகவே இருந்தாலும், வளைவின் நடுவிலிருந்து 45 பாகை தள்ளினால் அது பத்தில் ஏழு பங்காகவும், 60 பாகையில் பாதியாகவும் சுருங்கிவிடும். ஓரங்களில் கோடுகள் நெருங்கி முட்டிக்கொள்ளும். விசிறிக்கு ஆரம் வாரியாக வெட்டிய ரூலர் தொகுப்பு வேண்டும், அல்லது பலகை வேண்டும்.

பள்ளப் பலகையை மெஷினின் பின்பக்க மேசையில் வைப்பார்கள். மெஷினில் பொருத்திய ஒரு முள் பள்ளத்துக்குள் ஓட, ஊசி அதே கோட்டைத் துணியில் போடும். கை நடுங்க இடமே இல்லை. குயில்ட் முழுக்க ஒரே விசிறி போதும் என்பவருக்குப் பலகை அருமையான துணை. ஆனால் அளவை மாற்ற முடியாது. கணினியில் அதுவும் முடியும். கேமில் நிறுவனத்தின் ஸ்டாட்லர், ஹேண்டி குயில்டரின் ப்ரோ-ஸ்டிச்சர், ஏபிக்யூஎஸ்ஸின் குயில்ட் பாத், இன்னோவாவின் ஆட்டோபைலட் எல்லாமே இந்த வகை வேலைக்கு லாயக்கானவை. விலைதான் பல ஆயிரம் டாலர். பிறர் குயில்ட்டைக் கூலிக்குத் தைத்துக்கொடுப்பவருக்குக் கட்டுப்படியாகும். வருடத்துக்கு மூன்று நான்கு தைப்பவருக்கு விசிறிப் பலகையே போதும் என்பேன்.

ரூலரை நகர்த்தும் அதே உத்தி வளைந்த குறுக்குக்கோட்டுக்கு (வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டிக் கட்டங்களாகும் வடிவம்) மட்டும் அழகாக வேலை செய்யும். அங்கே வேண்டியது ஆழமற்ற வளைவு. 18 அங்குல ஆரமுள்ள வட்டத்திலிருந்து 12 அங்குல நீளத்துக்கு வெட்டிய ரூலர் என்றால், முனையில்கூட இடைவெளி 6 சதவீதம்தான் குறையும்; கண்ணுக்குத் தெரியாது. ரூலரின் மேல் பொறித்திருக்கும் கால் அங்குலக் கோட்டை முந்தைய தையலின் மேல் வைத்தால் அடுத்தது அரை அங்குலத்தில் விழும்.

இறகு வடிவம், சுருள், கொடி இவற்றுக்கு வெறுங்கைதான். இறகின் தண்டை மட்டும் ரூலரால் போட்டுக்கொண்டு இதழ்களைக் கையால் விடலாம்.

பெரிய வட்டத்துக்கு முன்னால் கணினி உட்பட எல்லோரும் திணறுவார்கள், ஏனென்றால் அங்கே தடை மெஷினின் தொண்டை, அதாவது ஊசிக்கும் மெஷினின் பின்பகுதிக்கும் நடுவிலுள்ள இடம். 26 அங்குலத் தொண்டை என்றாலும் தைத்து முடித்த பகுதி அதற்குள்தான் உருண்டு சேரும். போகப் போக இடம் குறையும். 20 அங்குல வட்டத்தை மேல்பாதி, கீழ்பாதி என்று பிரித்து, துணியை உருட்டி, மையத்தை மறுபடி பிடித்துத்தான் தைக்க வேண்டும். அதனால் பெரிய வட்டங்களைக் குயில்ட்டின் தொடக்கப் பகுதியில் வருமாறு திட்டமிடுவது நல்லது.

ரூலர் பக்கம் சாய்கிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது ரூலரே அல்ல. துணிக்கு அடியில், மெஷினின் அடிக்கையைச் சுற்றிப் பொருந்தும் ரூலர் பேஸ் என்ற தட்டு. அது இல்லாவிட்டால் அடியில் தாங்கலின்றி ரூலர் சாயும். அதற்குப் பிறகு 12 அங்குலத்துக்கு மேற்படாத ஆழமற்ற வளைவு ஒன்று, ஆழமான வளைவு ஒன்று. கிளாம்ஷெல் (சிப்பி), இதயம், ஆப்பிள் என்று தனித்தனி வடிவ அச்சுகளை அடுக்க வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டு விளிம்புகளுக்குள்ளேயே அடங்கிவிடும். அடிப்பக்கத்தில் வழுக்காத பட்டை ஒட்டுங்கள். இடது கை விரல்களை விரித்து ஃபுட் இருக்கும் இடத்துக்கு நேராக அழுத்துங்கள். ஃபுட் விரல்களைத் தாண்டப் போகும்போது ஊசியைத் துணிக்குள் நிறுத்தி, கையை மாற்றி வைத்து, பிறகு நகருங்கள். தையல் நீளத்தை அங்குலத்துக்கு 10 முதல் 12 தையலில் வையுங்கள். அதைவிட நீளமானால் சிறிய வளைவில் ஒவ்வொரு தையலும் தனிக்கோடாகத் தெரிந்து, வட்டம் பலகோணமாகிவிடும்.