ஓக் மொழிகளைத் தேட க்ளாட்டோலாக் போதுமா?

நியூ கினித் தீவின் நடுமலையில், செபிக் ஆறு பிறக்கும் பக்கத்தில் பேசப்படும் சிறு மொழிக்கிளை ஓக். டெலெஃபோல், டிஃபால், மியான், ஃபைவோல், பாப்புவா நியூ கினி எல்லைக்கு அப்பால் இந்தோனேசியாவிலும் பேசப்படும் ங்காலும் எல்லாம் இதில் சேர்த்தி. இவற்றைப் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க, லைப்சிக் நகர மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின், உலக மொழிகளையும் அவற்றைப் பற்றிய நூல்களையும் பட்டியலிடும் க்ளாட்டோலாக் தளத்தைத்தான் முதலில் திறக்க வேண்டும். இலவசம், கணக்குத் தொடங்கவும் தேவையில்லை.

தேடுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'ஓக்' என்றால் அங்கே தண்ணீர், ஆறு (ஓக் டெடி சுரங்கத்தின் பெயரில் இருப்பதும் இதுவே). ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து என்பதால், பெயரின் பகுதியாகத் தேடினால் சம்பந்தமில்லாத மொழிகள் வந்து குவியும். இன்னொரு குழப்பம் 'மின்'. அது மக்களைக் குறிக்கும் விகுதி; பழைய நூல்களில் மியான் மொழியே மியான்மின் என்று இருக்கும். ஒவ்வொரு மொழிக்கும் உலகத் தரமாகத் தந்திருக்கும் மூன்றெழுத்து ஐஎஸ்ஓ குறியீட்டைப் போடுவதே உத்தமம்: டெலெஃபோலுக்கு டி-எல்-எஃப், மியானுக்கு எம்-பி-டி. பக்கம் திறந்ததும் நான்கு எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட க்ளாட்டோகோடைக் குறித்துக்கொள்ளுங்கள் (தமிழுக்கு அந்த இலக்கம் 1289). பெயரை யார் எப்படி எழுதினாலும் மொழியை அதை வைத்துப் பிடிக்கலாம்.

தளத்தின் உண்மையான பலம் நூற்பட்டியல். இலக்கணம், இலக்கணச் சுருக்கம், சொற்பட்டியல் என்று வகை பிரித்திருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் விவரம் மட்டுமே இருக்கும், நூல் இருக்காது. பசிபிக் வட்டார மொழிகளைப் பற்றிய நூல்வரிசையான பசிபிக் லிங்குவிஸ்டிக்ஸின் பழைய வெளியீடு என்றால் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் தேடுங்கள். பல பிடிஎஃப் அங்கே இலவசம்.

வரைபடத்தை நம்பி எல்லை வரையாதீர்கள். ஒரு மொழிக்கு ஒரு புள்ளிதான். குடும்ப மரத்தையும் முடிந்த தீர்ப்பாக எடுக்கக் கூடாது. அண்டையில் பேசப்படும் ஒக்சாப்மின் மொழியை நெடுங்காலம் ஓக்கிலிருந்து தள்ளியே வைத்திருந்தார்கள். இரண்டும் உறவு என்று மொழியியலாளர்கள் லாஃப்னேன், ஃபெடன் இருவரும் வாதிட்டது 2011இல். அண்டை மொழிகளுக்குள் கடன் சொற்கள் நிறையப் புழங்குவதால், எது வாங்கியது, எது வழிவழியாக வந்தது என்று பிரிப்பதுதான் சிக்கல்.

சொற்கள் வேண்டுமென்றால், நியூ கினி மொழிகளின் சொற்பட்டியல்களைத் திரட்டித் தரும் டிரான்ஸ்நியூகினி தளம். அங்கேயும் கவனம் தேவை: மியான் தொனி மொழி (குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளே மாறும்), தொனி குறிக்காத பட்டியலை வைத்து ஒப்பிட்டால் வேறு வேறு சொற்கள் ஒன்றாகத் தெரியும். ஒலிப்பதிவுக்கு 2003 முதல் இயங்கும் பாரடிசெக் என்ற மின் ஆவணக்காப்பகம். இலவசக் கணக்குத் தொடங்கி நிபந்தனைகளை ஏற்க வேண்டும். சில பதிவுகளுக்குத் தனி அனுமதி தேவை.

எண்களுக்குச் சொற்பட்டியல் போதாது. டெலெஃபோலில் இடக்கைச் சுண்டுவிரலில் தொடங்கி, கை வழியாக ஏறி, மூக்கில் 14, வலக்கைச் சுண்டுவிரலில் 27 என்று உடம்பிலேயே எண்ணுவார்கள். ஒன்று, இரண்டு, மூன்றோடு நிற்கும் பட்டியலில் இது தெரியவே தெரியாது.