போர்ட் இன்ஜெக்ஷனா, டைரக்ட் இன்ஜெக்ஷனா: அபார்த் புன்டோவை வாங்கியவரின் கணக்கு

மூன்றாண்டுகளுக்கு முன் கோயம்புத்தூரில் பழைய கார் தேடியபோது, கடைசிவரை போட்டியில் நின்றவை ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஃபியட் அபார்த் புன்டோ ஆகிய இரண்டும்தான். இரண்டுமே டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக்குகள். போலோவின் 1.2 லிட்டர் எஞ்சின் 105 பிஎஸ் ஆற்றலும் 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தரும், அபார்த்தின் 1.4 லிட்டர் டி-ஜெட் எஞ்சினில் அவை ஏறத்தாழ 145, 212. வேகம், கியர்பாக்ஸ், இருக்கை வசதி பற்றியெல்லாம் வேண்டிய அளவு பேசப்பட்டுவிட்டது. என் முடிவைத் தீர்மானித்தது பெட்ரோல் எந்த இடத்தில் தெளிக்கப்படுகிறது என்ற ஒரே கேள்வி. போலோவில் அது நேரே சிலிண்டருக்குள்; இது டைரக்ட் இன்ஜெக்ஷன். அபார்த்தில் சிலிண்டருக்கு வெளியே, காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வின் முதுகில்; இது போர்ட் இன்ஜெக்ஷன்.

பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்குள் ஒரு கம்பிச்சுருளும், ஓர் ஊசியும், அந்த ஊசியைத் துளையின்மேல் அழுத்திப் பிடிக்கும் சுருள்வில்லும் இருக்கின்றன. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு மின்சாரம் கொடுத்தவுடன் சுருள் காந்தமாகி ஊசியைத் தூக்குகிறது. மின்சாரம் நின்றதும் வில் அதை மூடிவிடுகிறது. ஊசி எத்தனை மில்லி விநாடி எழும்பி நிற்கிறதோ, அதைப் பொறுத்தே பெட்ரோலின் அளவு அமைகிறது. இந்த அடிப்படை இரண்டு முறைகளுக்கும் பொது. வேறுபடுவது கிடைக்கும் நேரமும், அதனால் தேவைப்படும் அழுத்தமும்.

எஞ்சின் 6,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 6,000 முறை, சுழலும்போது பிஸ்டனின் ஒரு வீச்சுக்கு 5 மில்லி விநாடிதான் ஆகும்; நான்கு வீச்சுகள் சேர்ந்த ஒரு சுற்றுக்கு 20. போர்ட் இன்ஜெக்டர், வால்வு மூடியிருக்கும்போதும் தெளிக்கலாம் என்பதால், அந்த 20 மில்லி விநாடியில் பெரும்பகுதி அதற்குச் சொந்தம். டியூனிங் செய்பவர்கள் பாதுகாப்பு கருதி 85 சதவீதத்தைத் தாண்ட விடுவதில்லை. டைரக்ட் இன்ஜெக்டரோ உறிஞ்சும் வீச்சிலும் அழுத்தும் வீச்சிலும் கிடைக்கும் சில மில்லி விநாடிகளுக்குள் முழுப் பெட்ரோலையும் செலுத்தி, அது காற்றோடு கலக்கவும் நேரம் விட வேண்டும். ஆகவே போர்ட் முறைக்கு ஏறத்தாழ 3 பார் அழுத்தம் போதுமான இடத்தில், டைரக்ட் முறைக்கு 100, 200 பார் என்ற அளவில் அழுத்தமும், அதைத் தர, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டால் இயங்கும் தனி பம்பும் வேண்டியிருக்கின்றன.

டைரக்ட் முறையின் நன்மை உண்மையானது. சிலிண்டருக்குள்ளேயே ஆவியாகும் பெட்ரோல் அங்குள்ள காற்றைக் குளிர்விப்பதால் நாக்கிங் (கலவை தானாகவே வெடித்து எஞ்சின் தட்டுவது) குறைகிறது. கம்ப்ரஷனை, அதாவது கலவையை அழுத்தும் விகிதத்தை, உயர்த்தலாம், மைலேஜும் கூடுகிறது. நண்பரின் போலோவை இரண்டு முறை சேலம் வரை ஓட்டியபோது, குறைந்த ஆர்பிஎம்மிலேயே அது இழுத்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. அந்த அனுபவத்துக்கு மேல் அந்தக் காரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

என்னைத் தயங்க வைத்தது பராமரிப்பு. எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவி இன்டேக் வழியாகவே மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பப்படுகிறது. போர்ட் முறையில், டிடர்ஜென்ட் சேர்ந்த பெட்ரோல் ஒவ்வொரு சுற்றிலும் வால்வின் முதுகில் பட்டு அந்த எண்ணெயைக் கழுவிவிடும். டைரக்ட் முறையில் பெட்ரோல் அங்கே படுவதே இல்லை. எண்ணெய் சூட்டில் காய்ந்து கரியாகப் படிந்துகொண்டே போகிறது. டேங்கில் ஊற்றும் கிளீனர் திரவம் பெட்ரோலோடுதான் பயணம் செய்யும் என்பதால், அதுவும் வால்வைச் சென்றடைவதில்லை. தெரிந்த மெக்கானிக் ஒருவரின் பட்டறையில், டைரக்ட் இன்ஜெக்ஷன் கார் ஒன்றின், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் மேனிஃபோல்டைக் கழற்றியபோது நான் அருகில் இருந்தேன்: வால்வுத் தண்டைச் சுற்றி, அடிப்பிடித்த பால் பாத்திரம்போல், நகத்தால் சுரண்டினாலும் வராத கறுப்புப் படிவு. அதை நீக்க அக்ரூட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தால் அடித்துச் சுத்தம் செய்வார்கள். கருவியும் பழகிய கையும் வேண்டிய வேலை அது. எல்லா டைரக்ட் எஞ்சினும் ஒரே வேகத்தில் இப்படி ஆகிவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எண்ணெய் ஆவியைப் பிரிக்கும் அமைப்பின் தரம், ஓட்டும் விதம், எண்ணெய் மாற்றும் இடைவெளி எல்லாம் இதில் சேரும்.

தயாரிப்பாளர்களே இரண்டு முறைகளையும் ஒரே எஞ்சினில் இணைத்தது என் எண்ணத்துக்கு வலுச் சேர்த்தது. 2012இல் வந்த டொயோட்டா 86 காரில், 12.5:1 கம்ப்ரஷன் உள்ள எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் டைரக்ட் இன்ஜெக்டர் ஒன்று, போர்ட் இன்ஜெக்டர் ஒன்று. ஃபோர்டும் 2018 மஸ்டாங்கின் 5.0 லிட்டர் எஞ்சினில் அதே வழிக்கு வந்தது. இந்த ஏற்பாட்டில் போர்ட் இன்ஜெக்டர் வால்வைக் கழுவிவிடுகிறது, டைரக்ட் இன்ஜெக்டர் குளிர்ச்சியைத் தருகிறது. என் பணத்துக்குள் அப்படியொரு கார் இல்லாததால், எளிதாகப் பராமரிக்கக்கூடியதை எடுத்தேன்.

வாங்கிய பிறகு நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றிச் சோதனை மேடையில் வைத்தோம். கண்ணாடிக் குழாய்களில் மூன்றில் பெட்ரோல் ஒரே மட்டத்தில் நிற்க, நான்காவதில் 6 மில்லி லிட்டர் குறைந்தது. அல்ட்ராசானிக் தொட்டியில் ஊறவைத்த பின் நான்கும் சமமாயின. அரை நாளில் முடிந்தது வேலை. ஆற்றலைக் கூட்ட நினைப்பவர்களுக்கும் இந்த எளிமை உதவும். அழுத்தத்தை 3 பாரிலிருந்து 4 ஆக்கினால் பாய்வு 15 சதவீதம்தான் உயரும். அது போதாதபோது பெரிய இன்ஜெக்டரைப் பொருத்தி ஈசியுவில் கணக்கைத் திருத்திவிடலாம். டைரக்ட் முறையில் உயர் அழுத்த பம்பும் ஈடுகொடுக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

அபார்த்துக்கும் தனிக் கவலைகள் உண்டு. ஃபியட் இங்கே கார் விற்பதை நிறுத்திவிட்டதால் உதிரி பாகங்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். தினமும் அவிநாசி சாலை நெரிசலில் ஊர்ந்து போகிறவர்களுக்கு தானாகவே கியர் மாற்றும் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் உள்ள போலோவையே நான் சொல்வேன். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, கலப்பில்லாத பெட்ரோலைவிட இன்ஜெக்டர் ஏறத்தாழ 8 சதவீதம் கூடுதல் நேரம் திறந்திருக்க வேண்டும். கோயம்புத்தூர் அருகே உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயப் பாதையில் முழு வேகத்தில் ஓட்டும்போது அந்த 8 சதவீதம், நான் சொன்ன 85 சதவீத எல்லைக்குள் மிச்சமிருக்கும் இடத்தைத்தான் தின்கிறது. எத்தனாலை மனத்தில் வைக்காமல் செய்யப்பட்ட பழைய ரப்பர் ஓ-ரிங்குகளும் நெடுநாள் தாங்கும் என்று நம்புவதற்கில்லை. அடுத்த சர்வீஸில் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் ஃபியூயல் ரெயிலைக் கழற்றும்போது, இன்ஜெக்டருக்கு இரண்டாக உள்ள எட்டு ஓ-ரிங்குகளையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.