ஸ்னோஃப்ளேக்கா, பிரிட்ஜா: கரண்ட் போயி போயி வர்ற ஊர்ல எத ஓட்டலாம்?

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைல எங்க தோட்டத்து சாளைல (தோட்டத்து வீடு) ஒரு பழைய லேப்டாப் சும்மா கெடந்துச்சு, சரி டார் நெட்வொர்க்குக்கு (யாரு எங்க போறாங்கன்னு தெரியாதபடி வாலண்டியருக கம்ப்யூட்டருக வழியா நெட்ட சுத்தி விடற அமைப்பு) நாமளும் வாலண்டியரா ஏதாச்சும் ஓட்டிப் பாப்போம்னு எறங்குனேன். ஈரான்லயோ ரஷ்யாலயோ சைட்டுகள அடைச்சு வெச்சா அங்க இருக்கறவங்க நம்ம லைன் வழியா நுழைஞ்சு வெளிய போயிக்குவாங்க, அவ்ளோதான் விஷயம். எக்ஸிட் ரிலேவ, அதாவது டார்ல இருந்து கடைசியா சைட்டுக்கு வெளிய போற வாசல, நான் கணக்குலயே சேக்கல, எவனோ பண்றதுக்கெல்லாம் நம்ம ஐபி மேல கம்ப்ளைன்ட் வரும், வீட்ல அத ஓட்டாதீங்கன்னு டார்காரங்களே சொல்றாங்க. நடுவுல நிக்கற சாதா ரிலேவும் வீட்டுக்கு வேணாங்க. அதோட ஐபி எல்லாரும் பாக்கற லிஸ்ட்ல ஏறிடும், அந்த லிஸ்ட்ட அப்படியே எடுத்து பிளாக் பண்ற சைட்டுக இருக்கு, நாளைக்கு அம்மா ஏதோ பில்லு கட்டப் போயி பேஜே தொறக்கலேன்னா யாரு பதில் சொல்றது?

அதனால போட்டி ஓபிஎஃப்எஸ்4 பிரிட்ஜுக்கும் ஸ்னோஃப்ளேக்குக்கும்தான். பிரிட்ஜுன்னா அந்த லிஸ்ட்ல இல்லாத டார் நுழைவாசல், ஓபிஎஃப்எஸ்4 அதுல போறது டார்னு தெரியாம உருமாத்தி விடும்; ஸ்னோஃப்ளேக்னா வாலண்டியருக தற்காலிகமா தர்ற புராக்சி, அதாவது இடைல நின்னு கடத்தி விடற கம்ப்யூட்டர்.

பிரிட்ஜதான் மொதல்ல போட்டேன். 1 எம்பிபிஎஸ் இருந்தாலே போதும், ஐபியும் அந்தப் பொது லிஸ்ட்ல வராது. கான்ஃபிக் ஃபைல்ல ஏழெட்டு வரி, ரவுட்டர்ல ரெண்டு போர்ட் தொறந்து விடணும். டார் வழக்கமா எடுக்கற 9001-அ மட்டும் வெக்காதீங்க, தேடிப் புடிச்சு அடைக்கறவனுக்கு அதுவே துப்பு. லாக்ல பூட்ஸ்ட்ராப் (டாரோட போயி சேர்றது) நூறு பர்சென்ட்னு வந்துச்சு, நானும் ஆச்சுடா சாமின்னு டீ குடிக்கப் போயிட்டேன். அந்த நூறுக்கு அர்த்தம் நாம வெளிய போக முடியுதுங்கறது மட்டுந்தான், வெளிய இருந்து ஆளு உள்ள வர முடியுமாங்கறது வேற கத.

பொள்ளாச்சில இருக்கற மாப்ளைக்கு பிரிட்ஜ் லைன (நம்ம ஐபி, போர்ட் எல்லாம் இருக்கற ஒரு வரி) அனுப்பி, "மொபைல் டேட்டால டார் பிரவுசர்ல இதப் போட்டுப் பாரு"ன்னேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு கூப்புட்டான், "மச்சா, சுத்திட்டே இருக்குது, ஒன்னும் ஆகுல." ரவுட்டர் பேஜத் தொறந்து பாத்தா வேன் ஐபி (WAN, நெட்காரர் நம்ம ரவுட்டருக்குக் குடுத்த நம்பர்) 100.72-ல ஆரம்பிக்குது. 100.64-ல இருந்து 100.127 வரைக்கும் எது இருந்தாலும் அது சிஜிநாட், நெட்காரர் ஒரே பப்ளிக் ஐபிய பல வீட்டுக்குப் பங்கு போட்டுக் குடுத்திருக்காருன்னு அர்த்தம், அதுக்குள்ள பிரிட்ஜ் வெச்சா கதவே இல்லாத வீட்டுக்கு விருந்தாளியக் கூப்புட்ட மாதிரி. நாலு தடவ போன் பண்ணி கெஞ்சுனதுக்கு அப்பறம் பப்ளிக் ஐபி குடுத்தாங்க, ஆனா மாறாத ஐபின்னா மாசம் தனிக் காசாம். மாப்ள மறுபடி போட்டான், உடனே கனெக்ட் ஆச்சு. ரெண்டே நாளு, கோடை மழைல கரண்ட் போச்சு, ரவுட்டர் மறுபடி எந்திரிச்சப்ப புது ஐபி. பழைய லைன எவனாச்சும் வெச்சிருந்தா அவனுக்கு அது இனி செத்த நம்பர்.

ஸ்னோஃப்ளேக் இதுல நேர் எதிர். ஐபி மாறுனா அதுக்கு கவலையே இல்ல, புரோக்கர்னு ஒரு சர்வர் நடுவுல இருந்து, வழி கேக்கறவனையும் நம்மளையும் அப்பப்ப கோத்து விடுது. இது வெப்ஆர்டிசில (பிரவுசர்ல வீடியோ கால் பேசறதுக்கு இருக்கற டெக்னிக்) ஓடறதால போர்ட் எதுவும் தொறக்க வேணாம். பாதில நம்ம கரண்ட் போனாக்கூட அந்தாளு வேற புராக்சிக்கு மாறிக்குவாரு, செஷன் அறுந்து போகாது. ஃபயர்ஃபாக்ஸ்ல, குரோம்ல எக்ஸ்டென்ஷனா போட்டாலும் ஆச்சு, 24 மணி நேரத்துல எத்தன பேரு வந்தாங்கன்னு காட்டும். நான் டெபியன் 12-ல பேக்கேஜா போட்டேன், ஒரே கமாண்ட். நம்ம வழியா போறது நேரா டாருக்குள்ளதான் போகும், கடைசில எந்த சைட்டுக்குப் போறாங்களோ அவங்களுக்கு நம்ம ஐபி தெரியாது.

குறை இல்லாம இல்ல. பிரிட்ஜ்னா மாப்ளைய வெச்சு டெஸ்ட் பண்ணிரலாம், இதுல நம்ம புராக்சிதான் வேணும்னு யாரும் கேட்டு வாங்க முடியாது, அதனால மணிக்கு ஒருக்கா லாக்ல வர்ற கனெக்ஷன் கணக்கப் பாத்துட்டு உக்காந்திருக்கணும். அதே லாக்ல நாட் (NAT, ஒரே ஐபிய பல மெஷினுக்குப் பங்கு போடறது) டைப்பும் வரும், எனக்கு ரெஸ்ட்ரிக்டட்னு வந்துச்சு, அப்படின்னா நாட் இறுக்கமா இருக்கறவங்கள நம்மகிட்ட அனுப்ப மாட்டாங்க, அவங்களுக்குத்தான் பாவம் புராக்சி தட்டுப்பாடு. அடைக்கவே முடியாதுன்னும் நெனச்சுக்காதீங்க, 2021 டிசம்பர்ல ரஷ்யா டார அடைச்சப்ப இதோட டிடிஎல்எஸ் ஹேண்ட்ஷேக்ல (கனெக்ஷன் ஆரம்பிக்கறப்ப ரெண்டு பக்கமும் என்கிரிப்ஷனுக்குப் பேசிக்கறது) இருந்த ஒரு அடையாளத்த வெச்சே புடிச்சாங்க, அப்பறம் கோட மாத்திச் சரி பண்ணாங்க. அடுத்த வருஷம் செப்டம்பர்ல ஈரான்ல போராட்டம் வெடிச்சப்ப இதுல வந்து குவிஞ்ச கூட்டம் கொஞ்சநஞ்சமில்ல. ஆனா 2019 ஆகஸ்ட்ல காஷ்மீர்ல பண்ண மாதிரி நெட்டயே மொத்தமா அணைச்சுட்டா ரெண்டுமே தண்டம்.

வாடகைக்கு விபிஎஸ் (டேட்டா சென்டர் சர்வர்ல ஒரு பங்கு) எடுத்தா கரண்ட் பிரச்சனை, ஐபி பிரச்சனை ரெண்டும் போயிரும், பிரிட்ஜுக்கு அதுதான் சரியான எடம். ஆனா 2022 செர்ட்-இன் (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவுப்படி இங்க விபிஎஸ் விக்கறவங்க கஸ்டமர் விவரத்த 5 வருஷம் வெச்சிருக்கணும், அதத் தெரிஞ்சுட்டு எடுங்க.

இப்ப சாளைல ஸ்னோஃப்ளேக்தான் ஓடுது. பிரிட்ஜ சித்தூர்ல (ஆந்திராக்காரங்க சண்டைக்கு வராதீங்க, இது பாலக்காட்டு சித்தூர்) மாறாத ஐபியும் யுபிஎஸ்ஸும் வெச்சிருக்கற ஒரு அண்ணன் கடைக்கு மாத்திட்டேன். பத்து நாளாச்சு, ஒரு ஆளக் காணோம். "கண்ணு, ஓடுதா இல்ல சும்மா லைட்டு எரியுதா?"ங்கறாரு. பிரிட்ஜ எந்த வழியா விநியோகம் பண்றதுன்னு டார்காரங்கதான் பிரிச்சு வெக்கறாங்க, சிலதுக்கு ஆளு வர ரொம்ப நாளாகும்ணா, மாப்ளைக்கு இப்பவும் கனெக்ட் ஆகுதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்.