பிராக் நகரில் யூரோ மாற்றப் போகும் ஓ-பேர் பெண்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஜெர்மனியில் ஓ-பேராக வேலை பார்க்கும் நம் பெண்கள் பலர், வார இறுதியில் குறைந்த செலவில் பார்த்துவிட்டு வரக்கூடிய வெளிநாட்டு நகரம் என்று முதலில் தேர்ந்தெடுப்பது செக் நாட்டின் தலைநகரான பிராக் நகரைத்தான். அங்கே யூரோவைக் கொடுத்து அந்நாட்டு நாணயமான செக் கொருனா வாங்கப் போன இடத்தில் நாங்கள் நால்வரும் எப்படி ஏமாற்றப்பட்டோம் என்பதையும், அந்த நாட்டுச் சட்டம் கொடுத்திருக்கும் ஓர் உரிமையை அந்தக் கடைக்காரர்கள் எப்படிக் காலம் கடத்தியே பறித்தார்கள் என்பதையும், அடுத்து போகிறவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதற்காக விவரமாக எழுதுகிறேன்.

ஒரு குடும்பத்தோடு தங்கி அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதும் மொழி படிப்பதுமே ஓ-பேரின் வாழ்க்கை. தங்குமிடமும் சாப்பாடும் குடும்பத்தின் பொறுப்பு. கையில் கிடைப்பது மாதம் 280 யூரோ கைச்செலவுப் பணமும், மொழி வகுப்புக்கென்று தனியாகத் தரப்படும் 70 யூரோவும்தான். ஊருக்குக் கொஞ்சம் அனுப்பிவிட்டு மிச்சம் பிடித்துத்தான் எந்தப் பயணத்தையும் யோசிக்க முடியும். எங்கள் நால்வரில் ஒருத்தி கொலம்பியாவிலிருந்தும், ஒருத்தி ஜார்ஜியாவிலிருந்தும், இன்னொருத்தி மடகாஸ்கரிலிருந்தும் வந்தவர்கள். எல்லோரும் நூரம்பெர்க்கில் ஒரே மொழி வகுப்பில் படிக்கிறோம். ஆளுக்கு 60 யூரோ என்று 240 யூரோவைப் பொதுச் செலவுக்காகச் சேர்த்து, வெள்ளிக்கிழமை மாலைப் பேருந்தில் புறப்பட்டு, இரவு ஃப்ளோரென்ட்ஸ் பேருந்து நிலையத்தில் இறங்கினோம்.

நாங்கள் தங்கிய விடுதியில் கட்டில் வாடகையின் பாக்கியையும், ஓர் இரவுக்கு ஒருவருக்கு 50 கொருனா என்று வசூலிக்கப்படும் நகர வரியையும், மறுநாள் கொருனாவாக ரொக்கத்தில் கட்ட வேண்டும் என்று சொன்னார்கள். மடகாஸ்கர் தோழிக்கு அப்போது வங்கிக் கணக்கே திறக்கப்படவில்லை; மற்றவர்களின் அட்டைகளில் யூரோ அல்லாத நாணயத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு. ஆகவே சனிக்கிழமை நண்பகலில் வென்செஸ்லாஸ் சதுக்கத்தை ஒட்டிய ஒரு தெருவில் இருந்த நாணய மாற்றுக் கடைக்குப் போனோம்.

கடை வாசலில் ஆள் உயரப் பலகை ஒன்றில் ‘0% கமிஷன்’ என்று எழுதியிருந்தது. அதன் கீழே யூரோவுக்கு நேராக 24.9 என்ற எண் பெரிதாக மின்னியது. அன்றைய மைய வங்கி விகிதம் ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய இருபத்து நான்கரை கொருனா என்பதைக் கைப்பேசியில் பார்த்து வைத்திருந்ததால், அந்த எண் நியாயமாகவே தோன்றியது. ஆனால் அது அந்தக் கடை யூரோவை விற்கும் விலை. நம்மிடமிருந்து யூரோவை வாங்கிக்கொள்ளும் விலையான 17, அதே பலகையின் அடியில், இடுப்புக்குக் கீழே, விரலளவு எழுத்தில் இருந்தது. கமிஷன் இல்லை என்பது பொய்யல்ல. எடுக்க வேண்டியதையெல்லாம் அந்த 17க்குள்ளேயே எடுத்துவிடுவதால் தனியாகக் கமிஷன் கேட்க அவர்களுக்கு அவசியமே இல்லை.

பணத்தை வாங்குவதற்கு முன்னால், எந்த விகிதத்தில் மாற்றுகிறார்கள், கைக்கு எவ்வளவு வரும் என்பதை எழுத்தில் காட்ட வேண்டும் என்பது செக் நாட்டுச் சட்டம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அப்படி எதையும் காட்டவில்லை. 240 யூரோவை வாங்கி எண்ணி இழுப்பறையில் வைத்துவிட்டு, 4,080 கொருனாவையும் மடித்த ரசீதையும் ஒன்றாகச் சேர்த்துத் தட்டில் தள்ளினார். எங்களுக்கு வந்திருக்க வேண்டியது ஏறத்தாழ 5,880 கொருனா. குறைந்துபோனது 1,800 கொருனா, அதாவது 73 யூரோவுக்கும் மேல். ஓர் ஓ-பேருடைய மாதக் கைச்செலவில் கால் பங்குக்கும் அதிகமான தொகை ஒரு நிமிடத்தில் போய்விட்டது. உடனே கேட்டபோது, அந்தப் பெண் பலகையின் அடிப்பகுதியைச் சுட்டிக்காட்டி, பரிவர்த்தனை முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னார்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான் வருகிறது. விடுதிக்குத் திரும்பி வரி கட்டும்போது, வரவேற்பில் இருந்த இளைஞர் எங்கள் ரசீதைப் பார்த்துவிட்டு, இதை இப்போதே ரத்து செய்யலாம், ஓடுங்கள் என்றார். 2019 ஏப்ரல் 1 முதல் செக் நாட்டில் நடைமுறையில் இருக்கும் சட்டத் திருத்தத்தின்படி, 1,000 யூரோ மதிப்பு வரையிலான நாணய மாற்றத்தை, மூன்று மணி நேரத்துக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் ரத்து செய்து, கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறலாம். பெரிய தொகைக்கு ஒரு விகிதம், சிறிய தொகைக்கு வேறு விகிதம் என்று இரட்டைப் பட்டியல் வைப்பதையும் அதே திருத்தம்தான் தடை செய்தது. சுற்றுலாப் பயணிகளிடம் இந்தக் கடைகள் பல ஆண்டுகளாக நடத்திவந்த சூறையாடலைத் தடுக்கவே இந்த விதி வந்தது என்பதும் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவரே ஒரு தாளில் செக் மொழியில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார்.

ரசீதில் அச்சாகியிருந்த நேரம் 12.08. நாங்கள் மீண்டும் கடை வாசலில் நின்றபோது மணி இரண்டுகூட ஆகவில்லை. வரி கட்ட எடுத்த 400 கொருனாவுக்கு ஈடாக விடுதி இளைஞர் தம் பணத்தைக் கொடுத்து உதவியதால், வாங்கிய 4,080 கொருனாவும் அப்படியே கையில் இருந்தது. தாளைப் படித்த அந்தப் பெண் மறுக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மிகவும் பணிவாக, ரத்து செய்யும் அதிகாரம் மேலாளருக்குத்தான் உண்டு, அவர் மூன்று மணிக்கு வருவார், அப்போது வாருங்கள் என்றார். மூன்று மணிக்குப் போனால், வந்துகொண்டிருக்கிறார், பத்து நிமிடம் பொறுங்கள் என்றார். மூன்றே காலுக்கு வந்த ஆள் ரசீதை வாங்கி, 12.08 என்ற எண்ணின் மீது பேனாவால் வட்டமிட்டு, மூன்று மணி நேரம் கடந்துவிட்டது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். கொலம்பியத் தோழி அழுதுவிட்டாள். அந்தச் சிரித்த முகமும் பணிவான பேச்சும் அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் உடல் பதறுகிறது. ரசீதை ஒளிக்கவில்லை, சட்டத்தை மறுக்கவில்லை. கடிகாரத்தை மட்டும் தங்கள் பக்கம் ஓடவிட்டார்கள். இப்படி எத்தனை பேரிடம் செய்து பழகியிருந்தால் இவ்வளவு நிதானம் வரும்!

ஆகவே, இதே நிலை உங்களுக்கு வந்தால், மேலாளர் வரட்டும் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். உங்கள் ஒப்பந்தம் அந்தக் கடையோடு. அதன் கவுண்ட்டரில் யார் உட்கார்ந்திருந்தாலும் அவரிடமே ரத்து செய்வதாகச் சொல்லுங்கள். ரத்து செய்கிறேன் என்ற வாசகத்தையும் நேரத்தையும் இரண்டு பிரதிகளாக எழுதி, ஒன்றை அவரிடம் கொடுத்து, மற்றொன்றைக் கடையின் பலகையும் உங்கள் கைப்பேசி காட்டும் நேரமும் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் தர மறுத்தால் அங்கேயே நின்றபடி 158 என்ற எண்ணில் காவல் துறையை அழையுங்கள். 112 என்ற அவசர எண்ணும் அங்கே வேலை செய்யும். ரசீது தராத கடையில் ஒரு யூரோவைக்கூட மாற்றாதீர்கள், ஏனென்றால் அந்த மூன்று மணி நேரத்துக்கு அதுதான் சாட்சி.

உண்மையில், பிராக்கில் கொருனா ரொக்கம் மிகக் குறைவாகவே தேவைப்படுகிறது. மெட்ரோ நிலைய இயந்திரங்களிலும் டிராம் வண்டிகளின் உள்ளேயும் அட்டையைத் தொட்டே பயணச்சீட்டு வாங்கலாம். அட்டைக்கான வெளிநாட்டுக் கட்டணம் ஒன்றிரண்டு விழுக்காடுதான் இருக்கும். இந்தக் கடை எங்களிடமிருந்து எடுத்தது முப்பது விழுக்காடு. ரொக்கம் எடுத்தே தீர வேண்டுமென்றால் வங்கிக் கிளையின் சுவரில் உள்ள ஏடிஎம்முக்குப் போங்கள். கடை வாசல்களில் தனியாக நிற்கும் இயந்திரங்களைத் தவிர்த்துவிடுங்கள். எந்த இயந்திரமானாலும், உங்கள் பணத்தை நாங்களே யூரோவில் கணக்கிட்டுத் தருகிறோம் என்று திரையில் கேட்டால், வேண்டாம் என்பதை அழுத்துங்கள். வேண்டாம் என்றாலும் பணம் வரும். கணக்கை உங்கள் வங்கியின் விகிதத்தில் உங்கள் வங்கியே போட்டுக்கொள்ளும்.

நாங்கள் மேலாளருக்காகக் காத்திருந்த நேரத்தில் ஓர் ஆள் நெருங்கி வந்து, யூரோவுக்கு 25 தருகிறேன் என்று மெல்லிய குரலில் சொன்னார். இவர்களிடம் ஒருபோதும் மாற்றாதீர்கள். செல்லாமல் போன பழைய பெலாருஸ் ரூபிள் நோட்டுகளைக் கொருனா என்று எண்ணிக் கொடுத்துவிட்டுக் கூட்டத்தில் மறைவது அந்த ஊரில் நெடுநாளாக நடக்கும் மோசடி. செக் நோட்டில் செக் தேசிய வங்கியின் பெயர் அச்சாகியிருக்கும். 500 கொருனாவில் எழுத்தாளர் பொஷெனா நெம்ட்சோவா என்ற பெண்மணியின் படமும், 1,000 கொருனாவில் வரலாற்றாசிரியர் ஃப்ரான்டிஷெக் பலாட்ஸ்கியின் படமும் இருக்கும். கையில் வாங்கும் முதல் நோட்டிலேயே இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய நகரச் சதுக்கத்தில், 1410ஆம் ஆண்டின் வானியல் கடிகாரத்துக்கு அருகிலேயே, நெருப்பில் வாட்டிய பன்றித் தொடை இறைச்சி விற்கும் கடைகள் உண்டு. பலகையில் காணும் விலை 100 கிராமுக்கானது. ஒரு தட்டு என்று கேட்டால், கேட்காமலே நானூறு கிராம் வரை வெட்டி எடைபோட்டுவிட்டு நான்கு மடங்கு விலை சொல்வார்கள். ஜார்ஜியத் தோழிக்கு அதுவும் நேர்ந்தது. எத்தனை கிராம் வேண்டும் என்பதை வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

பயண ஆவணம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே விசாவில் போய்வரக்கூடிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் பகுதியில், ஜெர்மனியைப் போலவே செக் நாடும் சேர்ந்தது என்பதால் நமக்குத் தனி விசா வேண்டாம். ஆனால் அசல் பாஸ்போர்ட்டும் ஜெர்மன் வதிவிட அட்டையும் கையில் இருக்க வேண்டும். திரும்பும் வழியில் எல்லையில் பேருந்தை நிறுத்தி எல்லோரிடமும் கேட்டார்கள். குடும்பத்தார் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருந்தால், புறப்படும் முன் கேட்டு வாங்கிவிடுங்கள். அதை வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை கிடையாது.

நாணய மாற்றுக் கடைகளைக் கண்காணிப்பது செக் தேசிய வங்கி. ரசீது, பலகையின் படம், மூன்று முறை நாங்கள் போய் நின்ற நேரங்கள், விடுதி இளைஞர் எழுதித் தந்த தாள் ஆகியவற்றை இணைத்து அவர்களுக்குப் புகார் அனுப்பியிருக்கிறோம். பணத்தைத் திரும்பக் கேட்பதற்குத் தனியாக, நிதிச் சேவைத் தகராறுகளைக் கட்டணமின்றி விசாரிக்கும் செக் அரசின் நிதி நடுவர் அலுவலகத்துக்கும் விண்ணப்பித்திருக்கிறோம். இதே போல ஏமாற்றப்பட்டு, ரசீதையும் பலகையின் படத்தையும் வைத்திருப்பவர்கள் தொகை சிறியதென்று விட்டுவிடாமல் இந்த இரண்டு இடங்களுக்கும் எழுதுங்கள். ரசீதில் கடையின் பெயரோடு எட்டு இலக்கப் பதிவு எண் ஒன்று இருக்கும். அதைக் குறிப்பிட்டு எழுதினால், வாசல் பலகையில் எந்தப் பெயரை மாட்டியிருந்தாலும் உரிமையாளர் யார் என்பதை அவர்களால் கண்டுபிடிக்க முடியும்.