எடுப்பதா, சேர்ப்பதா? டைப் 1 சர்க்கரையும் சாப்பாடும்

டைப் 1 சர்க்கரை நோயில் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிப்பவை நம் உடம்பின் நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த டி செல்களேதான். அவற்றைச் சாப்பாட்டால் அடக்க முடியுமா என்று கேட்டால் இரண்டு கட்சி. சந்தேகத்துக்குரியதை எடுத்துவிடு என்கிறது ஒன்று. நல்லதைச் சேர் என்கிறது இன்னொன்று.

எடுக்கும் கட்சி முதலில் கைகாட்டுவது கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தை. இந்த நோய் தானாக வரும் என்.ஓ.டி. சுண்டெலிகளுக்குக் குளூட்டன் இல்லாத தீனி போட்டபோது, 64 சதவீதமாக இருந்த நோய் 15 சதவீதமாகக் குறைந்தது. அது 1999இல். சரி, குழந்தைகளுக்கு? ஜெர்மனியின் பேபிடயட் ஆய்வில் 150 குழந்தைகளில் ஒரு பாதிக்கு 6 மாதத்திலும் மறுபாதிக்கு 12 மாதத்திலும் குளூட்டன் தொடங்கினார்கள். நோய்க்கு முன்னறிகுறியான தன்னெதிர்ப்பு ஆன்டிபாடி வருவதில் வித்தியாசமே இல்லை. பசும்பால் புரதத்தின் மீதான சந்தேகமும் அப்படியே முடிந்தது. 15 நாடுகள், 2,159 குழந்தைகள்: புரதத்தைத் துண்டு துண்டாகச் சிதைத்த பால்மாவு குடித்தவர்களில் 8.4 சதவீதம் பேருக்கும், வழக்கமான மாவு குடித்தவர்களில் 7.6 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது.

சேர்க்கும் கட்சியின் துருப்புச் சீட்டு நார்ச்சத்து. அது எப்படி வேலை செய்கிறது என்பது எனக்குப் பிடித்த பகுதி. செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து அசிடேட், பியூட்டிரேட் என்னும் சிறு கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. இவை அதிகம் கிடைக்கும்படி தயாரித்த தீனியைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்து, 2017இல் ஆஸ்திரேலியக் குழு ஒன்று முடிவை வெளியிட்டது. அசிடேட், இன்னொரு வகை எதிர்ப்புச் செல்களான பி செல்கள் வழியாக, தாக்கும் டி செல்களின் பெருக்கத்தைக் குறைத்தது. பியூட்டிரேட்டோ மற்ற செல்களை அடக்கி வைக்கும் டி-ரெக் செல்களைக் கூட்டியது. இரண்டும் சேர்ந்தபோது பாதுகாப்பு இன்னும் பலமாக இருந்தது.

அப்புறம், இதை நோய் ஏற்கெனவே வந்த பெரியவர்களிடம் 6 வாரம் சோதித்தார்கள். குடல் பாக்டீரியாக்களும் எதிர்ப்புச் செல்களும் மாறின. ஆனால் மொத்தத்தில் சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்படவில்லை. இன்சுலினுக்கு மாற்று என்று இதை யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

வைட்டமின் டி? 1966இல் பிறந்த ஃபின்லாந்துக் குழந்தைகளில் அதை ஒழுங்காக எடுத்தவர்களுக்கு நோய் குறைவுதான். ஆனால் அது கவனித்துப் பார்த்த ஆய்வு. கொடுத்துப் பார்த்த ஆய்வு அல்ல.

என் ஓட்டு நாருக்கு. குளூட்டனை விலக்குவது, டைப் 1 உள்ளவர்களிடம் அதிகம் காணப்படும், குளூட்டனால் குடல் கெடும் சீலியாக் நோய் உறுதியானால் மட்டும் போதும். குளூட்டன் இல்லாத தயாரிப்புகள் பலவும் நார் குறைந்த வெறும் மாவு. ஒன்றை எடுக்கப்போய், சேர்க்க வேண்டியதும் கூடவே போய்விடுகிறது.