அதிகாலை என்பிஏ, ஞாயிறு காலை யூஎஃப்சி: பத்து வருஷம் பார்த்த அனுபவம்

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கையும், குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த யூஎஃப்சி கூண்டுச் சண்டைகளையும் பத்து வருஷமாகச் சென்னையில் உட்கார்ந்துகொண்டு தொடர்ந்து பார்த்து வருகிறேன். எதைப் பார்க்கலாம், காசு கொடுத்துச் சந்தா கட்டலாமா, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இப்போது மொத்தமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. பள்ளியில் சிமென்ட் தரையில் முட்டி தேயக் கூடைப்பந்து ஆடியவன் நான். சண்டை விளையாட்டில் ஒரு நாள் பயிற்சி கூட எடுத்ததில்லை. அதனால் முதலாவதை ஆடியவனின் கண்ணோடும் இரண்டாவதை வெறும் ரசிகனாகவும் பார்க்கிறேன்.

முதலில் நேரம். என்பிஏ இறுதிப் போட்டிகள் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு எட்டு மணிக்கு என்றால் நமக்குக் காலை ஐந்தரை. அது பரவாயில்லை, காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். கஷ்டம் எல்லாம் குளிர்காலத்தில்தான். லாஸ் ஏஞ்சல்ஸிலோ சான் பிரான்சிஸ்கோவிலோ நடக்கும் ஆட்டம் காலை எட்டரை, ஒன்பது மணிக்குத் தொடங்கும், அந்நேரம் வேலைக்குக் கிளம்பவேண்டும். அப்புறம் முடிவு தெரியாமல் நாள் முழுக்கக் காதையும் கண்ணையும் பொத்திக்கொண்டு, இரவு சாப்பிட்டுவிட்டு மறுஒளிபரப்பு பார்ப்பேன். ஒருமுறை, ஏழு ஆட்டத் தொடர் 3-3 என்று நிற்கும்போது முடிவு சொல்லும் ஏழாவது ஆட்டத்தை அப்படிக் காப்பாற்றி வைத்து, ஆசையாகச் செயலியைத் திறந்தால், முகப்புப் படத்திலேயே ஜெயித்த அணி கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறது. காசு வாங்கிக்கொண்டு இதைச் செய்கிறார்களே என்று வந்த கோபம் இன்னும் போகவில்லை. ஸ்கோரை மறைக்கும் வசதி இருந்தால் முதல் வேலையாக அதைப் போட்டுவிடுங்கள், அறிவிப்புகளையும் அணைத்துவிடுங்கள்.

என்னைப் பிடித்து உட்காரவைத்தது 2016 இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டம். நமக்கு அது ஜூன் 20, திங்கட்கிழமை காலை. அந்த சீசனில் 73 ஆட்டங்களை ஜெயித்த கோல்டன் ஸ்டேட் அணி 3-1 என்று முன்னிலையில் இருந்தும், கிளீவ்லேண்ட் அடுத்த இரண்டையும் ஜெயித்து 3-3 ஆக்கிவிட்டது. கடைசி ஆட்டத்தில் 89-89. கோல்டன் ஸ்டேட்டின் க்ளே தாம்சன் போட்டு சமன் செய்த பிறகு கிட்டத்தட்ட நான்கு நிமிடம் இரண்டு அணியும் ஒரு புள்ளி கூட எடுக்கவில்லை. உலகத்திலேயே நன்றாகப் பந்து போடுகிறவர்கள், கை நடுங்கி ஒன்றன்பின் ஒன்றாகத் தவறவிடுகிறார்கள். அதில்தான் கோல்டன் ஸ்டேட்டின் இக்வடாலா சுலபமாகப் போட வேண்டிய பந்தை கிளீவ்லேண்டின் லெப்ரான் ஜேம்ஸ் பின்னாலிருந்து ஓடிவந்து பலகையோடு வைத்து அடித்தார். 53 வினாடி மிச்சம் இருக்கும்போது கிளீவ்லேண்டின் கைரி இர்விங், எதிரணியின் ஸ்டீபன் கரியின் தலைக்கு மேலே மூன்று புள்ளி. 93-89. 1964க்குப் பிறகு அந்த ஊருக்கு எந்தப் பெரிய விளையாட்டிலும் கோப்பை கிடைத்ததில்லை. நான் அந்த ஊரைப் பார்த்ததுகூட இல்லை, ஆனாலும் தொண்டை அடைத்துவிட்டது.

அன்றிலிருந்து எந்த விளையாட்டையும் கடைசி நிமிடங்களை வைத்துத்தான் நான் எடைபோடுகிறேன். களைத்துப்போன உடம்பு, எல்லாரும் பார்க்கிறார்கள், மிச்சம் இருப்பது கொஞ்ச நேரம். அப்போது ஒருவன் என்ன செய்கிறான் என்பதைப் பார்க்கத்தான் விடியற்காலையில் எழுகிறேன்.

அந்தக் கணக்கில் பார்த்தால் என்பிஏ மீது எனக்குப் பெரிய வருத்தம் உண்டு. கடைசி இரண்டு நிமிடத்தைத் துண்டு துண்டாக வெட்டிவிடுகிறார்கள். ஒரு டைம் அவுட், ஒரு ஃபவுல், இரண்டு ஃப்ரீ த்ரோ, பந்து யார் விரலில் கடைசியாகப் பட்டது என்று ரிப்ளே, திரும்ப ஒரு டைம் அவுட். 2017ல் டைம் அவுட் எண்ணிக்கையைக் குறைத்தார்கள், உண்மையிலேயே நன்றாக இருந்தது. அப்புறம் 2019ல் நடுவரின் தீர்ப்பை எதிர்த்துப் பயிற்சியாளர் முறையீடு செய்யும் உரிமையைக் கொண்டுவந்து, குறைத்ததில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முறையீட்டினால் தவறான தீர்ப்புகள் திருத்தப்படுகின்றன என்பது சரி. ஆனால் ஐந்து பேர் வேகத்தோடு ஓடிவந்துகொண்டிருக்கும்போது நிறுத்தி, மூன்று நிமிடம் ஆறவைத்து, மறுபடி ஓடு என்றால் அது வேறு ஆட்டம். ஆறிப்போன தோசை மாதிரி.

இரண்டாவது வருத்தம், ஒரு சீசனுக்கு ஒரு அணி ஆடும் 82 ஆட்டங்கள். அடுத்தடுத்த நாட்களில், ஊர் விட்டு ஊர் பறந்து ஆடுகிறார்கள். உடம்பு தாங்காது என்று அணிகளே நட்சத்திர வீரர்களை உட்காரவைத்தன. யாரைப் பார்க்க எழுந்தேனோ அவர் கோட்டு போட்டுக்கொண்டு பெஞ்சில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். விருது வேண்டுமானால் குறைந்தது 65 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்று 2023-24ல் விதி போட்டார்கள். வீரர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை, கால அட்டவணையைத்தான் திட்டவேண்டும். 2025ல் மட்டும், கோப்பையைத் தீர்மானிக்கும் பிளே ஆஃப் சுற்றுகளில் டேமியன் லில்லார்ட், ஜேசன் டேட்டம், டைரீஸ் ஹாலிபர்ட்டன் என்று மூன்று பேருக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. இண்டியானா அணியின் ஹாலிபர்ட்டனுக்கு நேர்ந்ததை நேரடியாகப் பார்த்தேன். இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டம், முதல் கால் பகுதி, அதற்குள் மூன்று மூன்று-புள்ளிகள் போட்டு ஒன்பது எடுத்திருந்தார். கெண்டைக்காலில் ஏற்கெனவே அடி. பந்தோடு ஒரு அடி முன்னால் வைத்தார், அவ்வளவுதான், தரையில் கையால் ஓங்கி ஓங்கி அறைந்தார். அப்போதே இண்டியானாவின் கதை முடிந்ததுபோல எனக்குத் தோன்றியது. ஓக்லஹோமா சிட்டி 103-91 என்று ஜெயித்து கோப்பையைத் தூக்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர மனம் அதில் இல்லை. 82ஐ 65 ஆக்கினால் டிக்கெட் வருமானம் குறையும், தெரியும். 2025-26 முதல் பதினோரு வருஷத்துக்கு 76 பில்லியன் டாலருக்கு ஒளிபரப்பு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். அதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

எல்லாரும் மூன்று புள்ளிக் கோட்டிலிருந்தே எறிகிறார்கள், பார்க்கச் சலிப்பாக இருக்கிறது என்று ஒரு புகார் இருக்கிறது. நான் பார்க்க ஆரம்பித்த சீசனில் ஒரு அணி ஒரு ஆட்டத்துக்குச் சுமார் 24 முறை அப்படி எறிந்தது, 2024-25ல் அது 37ஐத் தாண்டிவிட்டது. உண்மைதான். ஆனால் எனக்கு இதில் குறையே இல்லை. கோட்டுக்கு வெளியே ஐந்து பேரும் எறியத் தெரிந்தவர்கள் என்பதால்தான் உள்ளே இடம் திறக்கிறது, அந்த இடத்தில்தான் நிகோலா யோகிச் மாதிரி ஒருவர் வாழ முடிகிறது. செர்பியாவின் சொம்போர் என்ற ஊர்க்காரர், புது வீரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் 2014 தேர்வில் 41வது ஆளாக எடுக்கப்பட்டவர். பெரிதாகக் குதிக்க மாட்டார், வேகமாக ஓடமாட்டார். முதுகைக் காட்டி நின்றபடி, தலையைத் திருப்பாமலே, பின்னால் வெட்டி ஓடுகிறவன் கையில் பந்தைக் கொண்டுபோய் வைப்பார். அந்தப் பாஸைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் மைதானத்தில் மாலை நேரத்தில் வந்து ஆடும் வயதான அண்ணன்மார் நினைவுக்கு வருவார்கள். அவர்களுக்கும் ஓட முடியாது, ஆனால் பந்து எங்கே போகவேண்டும் என்று நமக்கு முன்னால் தெரிந்திருக்கும். 2023ல் யோகிச்சின் டென்வர் அணி கோப்பை ஜெயித்தபோது எனக்கு அப்படி ஒரு நிறைவு.

சரி, யூஎஃப்சிக்கு வருகிறேன். பெரும்பாலான பெரிய நிகழ்வுகள் அமெரிக்காவில் சனி இரவு, நமக்கு ஞாயிறு காலை. இதைவிட வசதியான நேரம் இல்லை. ஆரம்பத்தில் எனக்கு இது வெறும் அடிதடி என்றுதான் தோன்றியது. 2018ல் கபீப் நுர்மகமெதோவ், கானர் மெக்ரெகரோடு மோதிய விதம்தான் கண்ணைத் திறந்தது. சடுகுடு ஆடியவர்களுக்கு இது சட்டென்று புரியும். கணுக்காலைப் பிடித்தவன் விடமாட்டான், இடுப்பைச் சேர்த்துப் பிடித்தவன் கோட்டைத் தொடவிடமாட்டான். கபீப் கூண்டுக் கம்பியோடு ஆளைச் சாய்த்து, தன் கால்களால் அவன் கால்களைப் பின்னிவிட்டு, மணிக்கட்டைப் பின்பக்கம் மடக்கிப் பிடித்துக்கொள்வார். எழுந்திருக்கக் கை வேண்டும், கை அவரிடம் இருக்கிறது. பார்க்கிற நமக்கே மூச்சு முட்டும். தரைச் சண்டை போர் அடிக்கிறது என்று சொல்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: மேலே இருப்பவனைப் பார்க்காதீர்கள், கீழே இருப்பவனின் கைகளைப் பாருங்கள்.

கடைசி நிமிடம் என்றேனே, அதை யூஎஃப்சி மாதிரி வேறு எதுவும் எனக்குக் கொடுத்ததில்லை. அங்கே டைம் அவுட் கிடையாது. ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிடம் மணி ஓடும், மூச்சு வாங்கினால் வாங்கிக்கொண்டே அடிக்கவேண்டும். 2022 ஆகஸ்டில் கமாரு உஸ்மான், லியோன் எட்வர்ட்ஸ் ஐந்து சுற்றுப் பட்டச் சண்டை, சால்ட் லேக் சிட்டியில். முதல் சுற்றை எட்வர்ட்ஸ் எடுத்தார், அடுத்த மூன்றையும் உஸ்மான் நசுக்கிவிட்டார். ஐந்தாவது சுற்றுக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த எட்வர்ட்ஸின் முகத்தில் உயிரே இல்லை. உன்மேல் நீயே பரிதாபப்படுவதை நிறுத்து என்று பயிற்சியாளர் கத்துகிறார். நான்கு நிமிடம் போயும் மாற்றமில்லை, நான் எழுந்து காலை டிபனுக்குத் தட்டை எடுக்கப் போய்விட்டேன். எட்வர்ட்ஸ் இடது கையால் ஒரு பாவனைக் குத்து விட்டார். உஸ்மான் அதற்குத் தலையைச் சாய்க்க, சாய்த்த பக்கத்தில் இடது கால் வந்து காத்திருந்தது. 56 வினாடி மிச்சம் இருக்கும்போது உஸ்மான் மயங்கி விழுந்தார். அந்த ஒரு உதையைப் பின்னோக்கி ஓட்டி இருபது தடவையாவது பார்த்திருப்பேன்.

அதையும் மிஞ்சியது 2024 ஏப்ரல் 14. நமக்குத் தமிழ்ப் புத்தாண்டு, அங்கே லாஸ் வேகாஸில் யூஎஃப்சி 300. மேக்ஸ் ஹாலோவே எடை கூடி மேல்பிரிவுக்கு வந்து ஜஸ்டின் கெய்ச்சியோடு மோதினார். அம்மா பச்சடிக்கு மாங்காய் சீவிக்கொண்டே, "புது வருஷமும் அதுவுமா ரத்தத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கியேடா" என்றார். முதல் சுற்றிலேயே கெய்ச்சியின் மூக்கு உடைந்துவிட்டது. கடைசிச் சுற்று, கடைசிப் பத்து வினாடி. ஹாலோவே புள்ளியில் முன்னால் இருக்கிறார், ஓடித் தப்பினாலே வெற்றி. அவரோ கூண்டின் நடுவைக் கையால் சுட்டிக்காட்டி, வா, இங்கே நின்று அடிப்போம் என்கிறார். கெய்ச்சியும் வந்தார். இரண்டு பேரும் கண்மண் தெரியாமல் வீச, ஒரே ஒரு வினாடி மிச்சம் இருக்கும்போது கெய்ச்சி முகம் குப்புற விழுந்தார். நான் கத்தியதில் அம்மா கத்தியைக் கீழே போட்டுவிட்டார். ஆனால் அவர் கேட்டது வேறு: "அந்தப் பையன் எழுந்திரிச்சானா?" கெய்ச்சி எழுந்து உட்காரும் வரை அம்மா அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

அம்மாவின் அந்தக் கேள்விதான் யூஎஃப்சி மீது எனக்கு இருக்கும் பெரிய குறை. விழுந்தவன் எழுந்தபிறகு அவன் கதி என்ன? என்பிஏ வீரர்களுக்குச் சங்கம் இருக்கிறது, கூடைப்பந்து வருமானத்தில் ஏறத்தாழப் பாதி அவர்களுக்குப் போகிறது. யூஎஃப்சியில் சங்கம் இல்லை, எல்லாரும் தனி ஒப்பந்தக்காரர்கள். சண்டைக்கு வந்தால் ஒரு தொகை, ஜெயித்தால் இன்னொரு மடங்கு. புதிதாக வருகிறவருக்கு அது பத்து, பன்னிரண்டாயிரம் டாலர் என்ற அளவில்தான் இருந்து வந்திருக்கிறது, வருடத்துக்கு இரண்டு மூன்று சண்டை, அதில் பயிற்சியாளருக்கும் மேலாளருக்கும் வரிக்கும் போக மிஞ்சுவது எவ்வளவு? முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கில் 375 மில்லியன் டாலர் கொடுத்து சமரசம் ஆனது. 2026 முதல் ஏழு வருஷத்துக்கு 7.7 பில்லியன் டாலர் ஒளிபரப்பு ஒப்பந்தமும் வந்துவிட்டது. அந்தப் பணம் முதல் சண்டைக்காரனின் கைக்கு எப்போது வருகிறது என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எடைக்குறைப்பு அடுத்தது. சண்டைக்கு முந்தின வாரம் உடம்பிலுள்ள தண்ணீரை வற்றவைத்து ஏழெட்டு கிலோ இறக்கி, வெள்ளிக்கிழமை கன்னம் ஒட்டிப்போய்த் தராசில் ஏறி, சனி இரவு சண்டை. எடை பார்க்கும் நிகழ்ச்சியை நான் இப்போதெல்லாம் பார்ப்பதில்லை, பார்த்தால் சண்டையை ரசிக்க முடிவதில்லை. அப்புறம் கண்ணில் விரல். 2025 அக்டோபரில் அபுதாபியில் டாம் ஆஸ்பினால், சிரில் கான் மோதிய ஹெவிவெயிட் பட்டச் சண்டை, முதல் சுற்று முடிவதற்குள் கண்ணில் விரல் பட்டு முடிவின்றிப் போனது. நள்ளிரவு தாண்டி முழித்திருந்தேன். விரல் நீட்டினால் எச்சரிக்கை இல்லாமல் முதல் தடவையே ஒரு புள்ளி கழியுங்கள், இரண்டே மாதத்தில் எல்லாரும் முஷ்டி மடக்கக் கற்றுக்கொள்வார்கள்.

நம் நாட்டுக்காரர்கள் வருவது தனி சந்தோஷம். 2024 ஜூனில் பூஜா தோமர் நடுவர்களின் பிரிந்த தீர்ப்பில் ஜெயித்தபோது, யூஎஃப்சியில் ஜெயித்த முதல் இந்தியப் பெண் ஆனார். என்பிஏவில் 2015ல் சத்னம் சிங்கை டாலஸ் எடுத்தது, ஆனால் களம் இறங்கும் வாய்ப்பு வரவில்லை. அந்தக் காத்திருப்பு இன்னும் தொடர்கிறது.

சந்தா விஷயத்தில் என் வழக்கம் இது. என்பிஏவுக்கு வருடம் முழுக்கக் கட்டுவதில்லை. அக்டோபரிலிருந்து மார்ச் வரை பத்து நிமிடத் தொகுப்புகள் போதும், ஏப்ரலில் பிளே ஆஃப் தொடங்கும்போது கட்டி ஜூனில் நிறுத்திவிடுவேன். யூஎஃப்சியில் 300 மாதிரி எண் போட்ட பெரிய நிகழ்வுகளை முழுதாகப் பார்ப்பேன், மற்ற வாரங்களில் தலைப்புச் சண்டை மட்டும். புதிதாக வருகிறவர்கள் 2016 ஏழாவது ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தையும், எட்வர்ட்ஸ் உஸ்மான் சண்டையை முதல் சுற்றிலிருந்து முழுதாகவும் பாருங்கள். ஐந்தாவது சுற்றுக்கு நேராகத் தாவிவிடாதீர்கள். நடுவில் அந்த மூன்று சுற்றையும் எட்வர்ட்ஸோடு சேர்ந்து தோற்றால்தான் அந்த உதை உங்களுக்கும் கிடைக்கும்.