தமிழ் டைட்டில் வேலைக்கு பிளெண்டர்: ரொம்ப வருஷம் யூஸ் பண்ணதுல தெரிஞ்சது

பிளெண்டர்ங்கற இலவச 3டி அனிமேஷன் மென்பொருளோட 2.8 வெர்ஷன் வந்தது 2019-ல, அப்ப புடிச்சு சேலத்துல உக்காந்து மோஷன் வேலை எல்லாம் இதுலதான் ஓட்டிட்டு இருக்கேன். கல்யாண இன்ட்ரோ, ஜவுளிக்கடை விளம்பரம் எல்லாத்துக்கும் இது தாராளமாப் போதும், அதைப் பத்தி சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா நம்மூர்ல ஒரு டிசைன் கான்ஃபரன்ஸுக்கு ஓப்பனிங் டைட்டில் பண்ணச் சொன்னாங்க, இஷ்டம் போல எக்ஸ்பெரிமென்ட் பண்ணுங்கன்னும் சொல்லிட்டாங்க, அங்கதான் இது எவ்வளவு தாங்கும்னு முழுசாத் தெரிஞ்சுது. பேச வர்றவங்க பேரெல்லாம் தமிழ்ல, ஒவ்வொரு எழுத்தும் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு மாதிரி கண்ணி கண்ணியா கோத்துக்கிட்டே வரணும், பின்னாடி ஏற்காட்டுப் பனி. அதான் ஐடியா.

முதல்ல தமிழ். நான் வெச்சிருக்கற 4.2 வெர்ஷன்ல டெக்ஸ்ட் ஆப்ஜெக்ட்ல நேரா தமிழ் அடிச்சா எழுத்து சேராது. சேலம்னு அடிச்சா ச-வுக்கு முன்னாடி நிக்க வேண்டிய இரட்டைக்கொம்பு பின்னாடி போய் நிக்கும், கு, டு எல்லாம் உடைஞ்சு போகும். எல்லாரும் பண்ற வழி என்னன்னா இங்க்ஸ்கேப்ங்கற வரையற மென்பொருள்ல டைப் பண்ணி, எழுத்தை பாத்-ஆ (கோட்டு வடிவமா) மாத்தி, எஸ்விஜி ஃபைலா உள்ள கொண்டு வர்றது, மத்த வேலைக்கு நானும் அப்படித்தான், முக்தா மலர், கட்டமரான்னு ரெண்டு ஃபான்ட்டும் அழகா வரும் (உள்ள வரும்போது பொடிசா வரும், காணோம்னு தேடாதீங்க, ஸ்கேல் பண்ணுங்க). ஆனா கொலுசுக்கு அது ஆகாது. ஃபான்ட் குடுக்கறது எழுத்தோட ஓரக்கோடு, எனக்கு வேணும்கறது பேனா போன நடுக்கோடு, அதுவும் எங்க ஆரம்பிச்சு எங்க முடிஞ்சுதுங்கறதோட. அதனால எல்லா எழுத்தையும் பென் டேப்லெட்ல கர்வ் டிரா டூல் (வளைகோடு வரையற கருவி) வெச்சு கையாலயே எழுதினேன். ழ எல்லாம் கையில எழுதற வரிசையிலயே போட்டாதான் அது வளர்றப்ப பாக்கறவங்களுக்கு எழுதற மாதிரி தெரியும். நேரம் புடிக்கற வேலைதான், ஆனா மொத்த டைட்டிலோட உசுரே அங்கதான் இருக்கு.

அப்புறம் ஜியோமெட்ரி நோட்ஸ், அதாவது சின்னச் சின்ன கட்டங்களைக் கோத்து வடிவத்தை உருவாக்கற வசதி. இதுக்காகவே பிளெண்டரைக் கும்பிடலாம். கர்வை சம தூரத்துல புள்ளியா மாத்தி, புள்ளிக்கு ஒரு கண்ணி உக்கார வெச்சு, இன்டெக்ஸை (அந்தப் புள்ளியோட வரிசை எண்ணை) ரெண்டால வகுத்து மீதி ஒண்ணு வந்தா 90 டிகிரி திருப்பினா சங்கிலி ரெடி. கோட்டை வெட்டற ட்ரிம் கர்வ் நோடோட எண்ட் வேல்யூவ 0-ல இருந்து 1-க்கு கொண்டு போனா எழுத்து தானா கோத்துக்கிட்டே வரும். இதுல நான் ரொம்ப மெனக்கெட்டது அந்த ஒத்தைக் கண்ணிக்குத்தான். பட்டறைல கிட்டப் போய்ப் பாத்தா ஒவ்வொரு வளையத்துலயும் பத்த வெச்ச இடத்துல சின்னதா ஒரு மேடு இருக்கும், அதையும் மாடல் பண்ணி, சைஸையும் திருப்பத்தையும் இத்துனூண்டு ராண்டமா விட்டேன், உடனே கம்ப்யூட்டர் வாடை போயிடுச்சு.

வெள்ளி வெள்ளியாத் தெரியணும்னா அது பிரதிபலிக்க ஏதாவது இருக்கணும். வெறும் பனியை மட்டும் சுத்தி வெச்சா எவர்சில்வர் கூட இல்ல, சாம்பல் கலர் பிளாஸ்டிக் மாதிரிதான் வரும், ஏன்னா எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சம். ஏற்காட்டுல காபித் தோட்டத்துக்குள்ள நின்னு மூணு எக்ஸ்போஷர்ல 360 டிகிரி போட்டோ எடுத்து எச்டிஆர்ஐ (சுத்தி இருக்கற வெளிச்சத்தை முழுசாப் பதிஞ்ச படம்) பண்ணேன், மிளகுக்கொடி ஏறின சில்வர் ஓக் மரத்தோட கருத்த அடிமரம் எல்லாம் கண்ணியில மெல்லிசு கருப்புக் கோடா விழுந்துச்சு பாருங்க, அப்பதான் அது வெள்ளி. 4.0-ல (2023) டீஃபால்ட்டா வந்த ஏஜிஎக்ஸ்ங்கற கலர் செட்டிங் இங்க ரொம்ப உதவி, பளபளப்பு வெந்து போகாம அடங்கி நிக்குது.

குறைன்னு பாத்தா ரெண்டு. ஒண்ணு ரெண்டர் நேரம். ஒன்றரை நிமிஷம், செகண்டுக்கு 25 ஃப்ரேம்னா 2250 ஃப்ரேம், ஃப்ரேமுக்கு ரெண்டு நிமிஷம்னு வெச்சாலே 75 மணி நேரம். சைக்கிள்ஸ்ல (பிளெண்டரோட ரெண்டர் இன்ஜின்) சாம்பிளை, அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சத்தைக் கணக்குப் போடற தடவையைக் கம்மி பண்ணிட்டு, புள்ளிப்புள்ளியா வர்றதைத் துடைக்கற டினாய்சரை நம்பலாம்னா, வழக்கமா அது ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியாத்தான் சுத்தம் பண்ணுது, சங்கிலி மாதிரி பொடிப்பொடியா மின்னுற பொருள்ல ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மினுமினுப்பு தாவும், இந்த மாதிரி ஷாட்டுக்கு சாம்பிள் ஏத்தறதுதான் நான் நம்பற வழி. பெர்சிஸ்டன்ட் டேட்டாவ (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் எல்லாத்தையும் திரும்ப லோட் பண்ணாம வெச்சுக்கற செட்டிங்) ஆன் பண்ணுங்க, கொஞ்சம் நேரம் மிச்சம் ஆகும். நேரா வீடியோவா ரெண்டர் போடவே போடாதீங்க, பிஎன்ஜி சீக்வென்ஸா (ஃப்ரேமுக்கு ஒரு படமா) போட்டா கரண்ட் போனாலும் விட்ட ஃப்ரேம்ல இருந்து எடுத்துக்கலாம்.

ரெண்டாவது வெர்ஷன். ஜியோமெட்ரி நோட்ஸ் 2.92-ல வந்துச்சு, 3.0-ல அடிப்படையே மாறிடுச்சு, பழைய செட்டப் எல்லாம் திரும்பக் கட்ட வேண்டியதாப் போச்சு. இப்பெல்லாம் எல்டிஎஸ் (நீண்ட நாள் சப்போர்ட் இருக்கற வெர்ஷன்) மட்டும்தான், ரெண்டு வருஷம் ஃபிக்ஸ் வரும், ஒரு ப்ராஜெக்ட் முடியற வரைக்கும் வெர்ஷனைத் தொடறதே இல்ல.

காசுக்கு மென்பொருள் வாங்கற நிலைமைல இல்லாத காலேஜ் பசங்க தாராளமா இதுல இறங்கலாம், ஆனா மிச்சமாகற காசை கிராபிக்ஸ் கார்டுல போடுங்க. முடிச்சதும் மானிட்டர்ல பாத்து திருப்தி ஆயிடாம ஹால்லயே ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, ப்ரொஜெக்டர்ல கருப்பு வெளுத்துப் போய் அந்த மெல்லிசுக் கோடெல்லாம் காணாமப் போகும், அதுக்குத் தனியா கான்ட்ராஸ்ட் ஏத்தின ஒரு காப்பி கைல இருக்கணும்.